முதல் நாளைத் தவறவிடாதீர்கள்
குச்சவெளியில் நடைபெற்ற எமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை



சம்பளத்தைப் பற்றியும் வேலை நாட்களைப் பற்றியும் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேச இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு கண்ணைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். அந்தக் கண்ணுக்குரிய தோழர் இன்று நம்மோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "நடந்ததைச் சொல்லுங்கள், என் பெயர் மட்டும் வேண்டாம்" என்றார். ஆகவே பெயர் சொல்லவில்லை.

அவருடைய தாய் தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். அவர்கள் கொழுந்து பறித்த கைகள். மகன் தென்னை வேலைக்குப் போனார், வெங்காயக் காலத்தில் வெங்காயத் தோட்டத்துக்குப் போனார், உப்பு வாரும் காலத்தில் உப்பளத்துக்குப் போனார். ஒரு திங்கட்கிழமை காலையில் காய்ந்த ஓலை இழுத்துக்கொண்டிருந்தபோது ஓலையின் விளிம்பு வலது கண்ணைக் கீறிவிட்டது. இரத்தம் வரவில்லை. கண்ணீர் வந்தது, வெளிச்சம் பார்க்கக் கூசியது. முகத்தைக் கழுவிக்கொண்டு மாலை வரை வேலை செய்தார்.

நடந்ததைப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டபோது, "கண்ணில் தூசி விழுந்ததற்கெல்லாம் புத்தகமா?" என்று மேற்பார்வையாளர் சிரித்தாராம். அன்று மாலை எங்களில் ஒருவரிடமும் வந்து சொன்னார். நாங்கள் என்ன சொன்னோம்? "இன்றைக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குப் பார்ப்போம்" என்றோம். இதை மறைக்க விரும்பவில்லை. மேற்பார்வையாளரைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் குறையை இங்கே சொல்லிவிடுகிறோம்.

நாளை வந்தது. நாளைக்குப் போனால் அந்த நாளின் சம்பளம் போகும். மறுநாளும் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் வலி தாங்காமல் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டார். யாரும் கண்ணைப் பரிசோதிக்கவில்லை. வலி குறைந்தது. சிவப்பும் குறைந்தது. "சுகமாகிவிட்டது தோழர்" என்று சொன்னார். ஆறாம் நாள் காலையில் அவருடைய மகள்தான் பார்த்தாள். "அப்பா, உங்கட கறுப்புக் கண்ணில வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு."

அன்று ஓடினார்கள். குச்சவெளி, அங்கிருந்து திருகோணமலை, பிறகு இன்னும் தூரம். இப்போது அந்தக் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்று தெரியும். அவ்வளவுதான்.

தோழர்களே, அவருடைய கண்ணில் என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்வோம். நம் கறுப்பு விழிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதில் கீறல் விழுந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். ஆனால் ஓலையும் புல்லும் வைக்கோலும் தேயிலைக் குச்சியும் கீறினால், கீறலோடு கிருமியும் உள்ளே போகலாம். செடிகொடிகளில் பூஞ்சணம் இருக்கிறது, மண்ணில் பூஞ்சணம் இருக்கிறது. அது உள்ளே போய்ப் பிடித்தால் புண்ணாகிறது. புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கிறது. கண்ணாடியில் சுண்ணாம்பு பூசினால் எப்படியோ அப்படி.

கடையில் வாங்கிய மருந்து வலியைக் குறைத்ததே என்று கேட்பீர்கள். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீரொயிட் சேர்ந்திருக்கும். அது சிவப்பையும் வலியையும் அடக்கும். கூடவே கிருமியோடு போராடும் உடம்பின் சக்தியையும் அடக்கும். பூஞ்சணப் புண்ணுக்கு அது எண்ணெய் ஊற்றிய மாதிரி. வெளியே சுகம் தெரியும், உள்ளே புண் பெருகும். நம் தோழர் விட்டது எந்த மருந்து என்று எங்களால் இப்போது சொல்ல முடியாது. போத்தலை எறிந்துவிட்டார். வைத்தியர் முதலில் கேட்டதே அந்தப் போத்தலைத்தான்.

இனி ஒரு கணக்கைச் சொல்கிறோம். மனதில் எழுதிக்கொள்ளுங்கள். நேபாளத்தில் பக்தபூர் என்ற ஊர்ப்பக்கம், நம்மைப் போல வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் சனங்களை இரண்டு வருடம் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. ஊரிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவர்களைப் பரிசோதித்து, கிருமிக்கு எதிரான ஒரு சாதாரண களிம்பை மூன்று நாளைக்குப் போட்டார்கள். 442 பேருக்குக் கண்ணில் கீறல். அதில் 18 மணித்தியாலத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். ஒருவருக்குக்கூடப் புண் ஆகவில்லை. 18 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்தவர்கள் 109 பேர். 4 பேருக்குப் புண். ஒரு நாள் கழித்து இரண்டு நாளுக்குள் வந்தவர்கள் 49 பேர். அவர்களில் 14 பேருக்குப் புண்.

அதே கீறல், அதே களிம்பு. வித்தியாசம் நேரம் மட்டும்தான். முதல் 18 மணித்தியாலத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை, இரண்டாம் நாள் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புண். நாங்கள் "நாளைக்குப் பார்ப்போம்" என்றோமே, அந்த நாளைக்கு உள்ள விலை இதுதான்.

சரி, நம் ஆட்கள் ஏன் முதல் நாளே போவதில்லை? அறியாமை என்று சிலர் சொல்வார்கள். முழுக்க அப்படியில்லை. நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். அது நம் முன்னோர் காலத்திலிருந்து கிடைத்த பெரிய பேறு, அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் வைத்தியம் இலவசம் என்றால் வைத்தியசாலைக்குப் போவதும் இலவசம் என்று ஆகாது. குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்குச் சுமார் 35 கிலோமீற்றர். கண் மூடிக் கட்டியவரைத் தனியே அனுப்ப முடியாது, கூட ஒருவர் போக வேண்டும். இரண்டு பேருக்குப் பஸ் காசு, இரண்டு பேருக்குச் சாப்பாடு, இரண்டு பேருடைய நாட்சம்பளம்.

மலையகத் தோழர்களுக்கு விளங்கும்படி தேயிலைத் தோட்டக் கணக்கில் சொல்கிறோம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயமானது. அந்தக் கணக்கில் கணவனும் மனைவியும் ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் 2700 ரூபா போய்விட்டது. கிழமைக்கு ஒரு தடவையாக எட்டுக் கிழமை போனால் 21,600 ரூபா. இதில் ஒரு சொட்டு மருந்தும் இல்லை, ஒரு பஸ் டிக்கட்டும் இல்லை.

நம் தோழரின் குடும்பம் இப்படித்தான் கரைந்தது. ஒரு நாள் போனால் வைத்தியர் லீவு, வேறு திகதி. இன்னொரு நாள் ஒரு மருந்து கையிருப்பில் இல்லை, வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பரிசோதனையைக் காசு கட்டி வெளியே செய்ய வேண்டி வந்தது. மணிக்கு ஒரு தடவை சொட்டு விட வேண்டிய காலத்தில் மனைவி இரவெல்லாம் தூங்கவில்லை, பகலில் வேலைக்குப் போகவில்லை. அவருடைய தோடு அடகுக்குப் போனது. பிறகு மகளின் சங்கிலி. ஒரு நாள் அவர் எங்களிடம் கோபமாகச் சொன்னார்: "கண் போனது ஒரு தரம். காசு போறது ஒவ்வொரு கிழமையும்." அந்தக் கோபத்தில் ஒரு கிளினிக் திகதியை வேண்டுமென்றே விட்டுவிட்டார். நாங்கள் பேசிப் பேசித்தான் திரும்ப அழைத்துப் போனோம்.

பயமும் ஒரு காரணம். 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டதும், கண் மருந்து ஒன்றின் மேல் சந்தேகம் விழுந்து அது பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.  அந்தப் பயம் நியாயமானது, நல்ல மருந்து கேட்டுக் குரல் கொடுப்பது நம் கடமை. ஆனால் பயந்து வீட்டில் இருந்தால் கிருமி காத்திருக்காது.

மதுரையில் 1976ஆம் ஆண்டு வைத்தியர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையை 11 கட்டிலோடு ஆரம்பித்தார். காசு உள்ளவர் கட்டுகிற பணத்தில் இல்லாதவருக்கும் சிகிச்சை என்பது அவர்களுடைய முறை. அவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சத்திரசிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் ஏழைகள் வரவில்லை. பஸ் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழி இல்லை, வீட்டைப் பார்க்க ஆள் இல்லை. அதன் பிறகு ஊரில் கண் முகாம் வைத்து, அங்கேயிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு கொடுத்து, சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது சனம் வந்தது. நாமும் இதைத்தான் கற்க வேண்டும். வழியைத் திறக்காமல் வாசலை மட்டும் திறந்து வைத்துப் பயனில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாடு உலகத்துக்குக் கண் கொடுக்கும் நாடு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டு கண்தானச் சங்கத்தை ஆரம்பித்தார். 1964ஆம் ஆண்டு இங்கேயிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அன்று தொடக்கம் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் இலங்கையர் தானம் செய்த கண்ணால் பார்க்கிறார்கள். கடல் கடந்து கண் அனுப்பும் நாட்டில், 35 கிலோமீற்றர் பஸ் பயணம் தள்ளிப்போனதால் ஒரு தொழிலாளி கண்ணை இழக்கிறான். நம் தோழரும் இப்போது தானமாகக் கிடைக்கும் படலத்துக்காகக் காத்திருக்கிறார். மாற்றினாலும் பழைய பார்வை அப்படியே வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

தோழர்களே, இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

முதலாவது, கண்ணில் அடிபட்டவுடன் என்ன செய்வது. தூசி விழுந்தால் கசக்காதீர்கள், சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். எண்ணெய் மருந்து, உரம், சுண்ணாம்பு, பெற்றரி அசிட், எருக்கம்பால், கள்ளிப்பால் பட்டால் பஸ்ஸைத் தேடி ஓட வேண்டாம். பட்ட இடத்திலேயே இமையைத் திறந்து பிடித்து 20, 30 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு ஓடுங்கள். கம்பித் துண்டோ முள்ளோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கழுவவும் வேண்டாம், அழுத்திக் கட்டவும் வேண்டாம். ஒரு கடதாசிக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டிக் கண்ணில் படாமல் மேலே மூடி அப்படியே கொண்டு போங்கள். தாய்ப்பால், இலைச்சாறு, நாக்கால் தூசி எடுப்பது, பக்கத்து வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்து, இவை எதுவும் வேண்டாம். அன்போடுதான் செய்கிறோம், ஆனால் கிருமியையும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஏற்கெனவே ஏதாவது மருந்து விட்டிருந்தால் அந்தப் போத்தலைக் கையோடு கொண்டு போங்கள். முக்கியமாக, அன்றைக்கே போங்கள்.

இரண்டாவது, எழுதி வைப்பது. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டால் தொழில்தருநர் நட்டஈடு கொடுக்க வேண்டும். அவர் பக்கம் பிழை இருந்ததா என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. கண் பார்வை இழப்பும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்தும் சேர்க்கப்பட்டது. ஆனால் விபத்து நடந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டும். எனவே திகதி, நேரம், இடம், செய்த வேலை, பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். புத்தகத்தில் எழுத மறுத்தால் ஒரு கடதாசியில் எழுதி இரண்டு பேர் கையொப்பத்தோடு சங்கத்திடம் கொடுங்கள். வைத்தியசாலையில் "வேலையில் பட்டது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். துண்டுகளையும் பில்களையும் கிளினிக் கொப்பியையும் ஒரே உறையில் வையுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: பாதுகாப்புக் கண்ணாடி தந்திருக்க வேண்டுமென்றே கழற்றி வைத்தோம் என்றால் அதையே காட்டி நட்டஈட்டை மறுக்க வழியுண்டு. வெயிலுக்கு வியர்க்கிறது என்று கழற்றாதீர்கள்.

மூன்றாவது, உதவி கேட்கும் இடங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பு கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில், அதாவது ஈ.டீ.எஃப்.பில், உறுப்பினருக்குக் கண் வில்லை பொருத்துவதற்கும் நிரந்தர இயலாமைக்கும் உதவி உண்டு. ஈ.பீ.எஃப்.பில் நீண்ட காலம் பணம் சேர்ந்திருந்தால் குறித்த சில வைத்தியத் தேவைகளுக்கு 30 சதவீதம் வரை முன்கூட்டியே பெற வழியுண்டு. இவற்றுக்கெல்லாம் பேர் பதிந்திருக்க வேண்டும். உங்கள் பேரில் பணம் கட்டப்படுகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். கண் போன பிறகு பார்ப்பதில் பலனில்லை.

நான்காவது, ஒரு கண்ணோடு வாழ்வது. இதை நம் தோழரே சொல்லித் தந்தார். முதல் மாதங்களில் தேத்தண்ணி ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகுமாம். படி எங்கே முடிகிறது என்று தெரியாதாம். கை கொடுத்தால் கை தவறுமாம். ஒரு கண்ணால் தூரத்தை அளக்க மூளைக்குப் பழக்கம் வர வேண்டும், மாதங்கள் ஆகும். போத்தலின் வாயைக் கோப்பை விளிம்பில் தொட்டு ஊற்றுவது, தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்துத் தெருவைக் கடப்பது, கூட வருபவரைப் பார்வை இல்லாத பக்கத்தில் நடக்கச் சொல்வது, இவை உதவும். மரம் ஏறும் வேலையும் கத்தி வேலையும் உடனே வேண்டாம். மிஞ்சிய கண்ணுக்கு எப்போதும் பாதுகாப்புக் கண்ணாடி. குத்திய காயமாக இருந்தால் அரிதாக மற்றக் கண்ணும் பாதிக்கப்படலாம், ஆகவே கிளினிக்கை விடக் கூடாது. கல்யாண வீடுகளுக்குப் போவதை அவர் நிறுத்தியிருந்தார். எல்லோரும் கண்ணையே பார்க்கிறார்களாம். தோழர்களே, அவரோடு பேசும்போது முன்பு போலப் பேசுங்கள். அது நம் கையில் இருக்கிறது, காசு தேவையில்லை.

கடைசியாக, சங்கம் செய்ய வேண்டியது. இந்தக் கூட்டத்தின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, முதல் நாள் நிதி. ஒவ்வொரு உறுப்பினரும் மாதம் 50 ரூபா. கண்ணில் அடிபட்டால் அன்றைக்கே இரண்டு பேருக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் இந்த நிதியிலிருந்து கையில் கிடைக்க வேண்டும், கூட்டம் கூடி முடிவெடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு, ஓலை, புல், உப்பு, மருந்தடிப்பு, புல்வெட்டும் இயந்திரம் ஆகிய வேலைகளுக்குக் கண்ணாடி கேட்டு எல்லா நிர்வாகங்களுக்கும் எழுத வேண்டும். மூன்று, ஒவ்வொரு வேலைத்தளத்திலும் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் துணைக்குப் போகப் பெயர் கொடுக்க வேண்டும்.

நாட்டில் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கு 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். 150 வருடம் தாண்டியும் நாம் பஸ் காசைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அரசாங்கத்திடமும் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அடுத்த திங்கட்கிழமை யாராவது ஒருவருக்கு ஓலை படும். அவர் நம்மிடம் வருவார். அப்போது "நாளைக்குப் பார்ப்போம்" என்று நாம் சொல்லக் கூடாது. "இந்தா பஸ் காசு, வா போவோம்" என்று சொல்ல வேண்டும்.

துணைக்குப் போகும் ஆட்களின் பட்டியலில் முதல் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. இரண்டாவது வரிசையில் உள்ள தோழர்தான் கொடுத்தார். மற்றப் பெயர்களுக்குக் கொப்பி மேசையில் இருக்கிறது. போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.